தேடச் சொன்னவர்கள் பெண்கள்

மாத நாவல்கள் எங்கள் ஊருக்குப் பெரியகுளத்திலிருந்து வரும். பஸ் ஸ்டாண்ட் கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பதை யாராவது ஒருத்தி வாங்கி வந்துவிட்டால் போதும், ஜெயமங்கலத்தில் எங்கள் தெருவில் மட்டும் அது பத்து வீடு சுற்றும். என் கைக்கு வரும்போது அட்டை இருக்காது. சில சமயம் கடைசிப் பக்கமும் இருக்காது. கொலைகாரன் யாரென்று முன்னால் படித்தவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ராஜேஷ்குமாரின் விவேக்கும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும், சுபாவின் நரேந்திரனும் அப்படித்தான் எனக்குப் பழக்கமானார்கள். அவர்களோடு ரூபலாவும் சுசீலாவும் வைஜயந்தியும்.

அந்த நாவல்களைக் கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. அடுப்புக்கும் கல்லூரிக்கும் நடுவில் கிடைத்த ஒரு மணி நேரத்தில் எங்களை உட்காரவைத்துப் படிக்கவைத்தவை அவை. ஆனாலும் இத்தனை வருடம் கழித்து யோசிக்கும்போது இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. முதலாவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்தப் பெண்களுக்கு மூளை உண்டு, துணிச்சல் உண்டு, வழக்கு மட்டும் அவர்களுடையதாக இருக்காது. வழக்கு கொண்டுவருகிறவர் அவனைப் பார்த்துப் பேசுவார். அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்பது நமக்குச் சொல்லப்படும். இரண்டாவது விஷயம் எனக்கு வெகுகாலம் கண்ணில் படவில்லை. நான் படித்தவற்றில் கொலைக்குக் காரணம் சொத்தாக இருக்கும், காதலாக இருக்கும், பழைய பழிவாங்கலாக இருக்கும். ஒரு வேலைநிறுத்தம், ஒரு ஊர்வலம், கூலி உயர்வு கேட்டு நடந்த ஒரு கூட்டம் இவற்றில் தொடங்கி முப்பது வருடம் கழித்து முடிச்சு அவிழும் கதை ஒன்றுகூட என் கைக்கு வரவில்லை. துப்பறிகிறவன் ஸ்டேஷனுக்குள் நுழைந்தால் இன்ஸ்பெக்டர் எழுந்து நாற்காலி போடுவார். இருவரும் ஒரே பக்கம். அந்த நாற்காலி இருக்கும்வரை சில கேள்விகளை அந்தக் கதைக்குள் கேட்கவே முடியாது.

இது எனக்கு உறைத்தது, அமெரிக்க எழுத்தாளர் சாரா பாரெட்ஸ்கியின் ‘ஹார்ட்பால்’ நாவலைப் படித்தபோதுதான். 2009-இல் வந்தது. சிகாகோவில் தனியார் துப்பறிவாளராகத் தொழில் செய்யும் வி.ஐ. வார்ஷாவ்ஸ்கி என்ற பெண்ணை வைத்து பாரெட்ஸ்கி 1982 முதல் எழுதிவரும் வரிசையில் ஒன்று. வார்ஷாவ்ஸ்கி யாருக்கும் உதவியாளர் இல்லை. அலுவலகம் அவளுடையது, வாடகை பாக்கியும் அவளுடையது. போலீஸ்காரரின் மகள்தான், ஆனாலும் ஸ்டேஷனில் அவளுக்கு யாரும் நாற்காலி போடுவதில்லை.

கதையைத் தொடங்கிவைப்பவர்கள் இரண்டு கறுப்பினக் கிழவிகள், அக்கா தங்கை. மூத்தவளின் மகன் லாமோண்ட் காட்ஸ்டன் 1967 ஜனவரியில், சிகாகோவைப் பெரும் பனிப்புயல் தாக்கிய சமயத்தில், வீட்டைவிட்டுப் போனவன் திரும்பவில்லை. நாற்பது வருடம் ஆகிவிட்டது. சித்தி கிளாடியா நோயில் படுத்துவிட்டாள். கண்ணை மூடுவதற்குள் பையன் என்ன ஆனான் என்று தெரிய வேண்டும் அவளுக்கு. பெற்றவளுக்கோ இந்த வெள்ளைக்காரத் துப்பறிவாளர் மீது நம்பிக்கையே இல்லை. கேட்டதற்குக்கூட முழுதாகப் பதில் சொல்வதில்லை.

தேடிப் போகும் வழி 1966-ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் போய் நிற்கிறது. கறுப்பின மக்களுக்கு வீடு தர மறுத்த வெள்ளையர் பகுதிகளுக்குள் மார்ட்டின் லூதர் கிங் ஊர்வலம் நடத்திய காலம் அது. மார்க்கெட் பார்க் பகுதியில் கூட்டம் கல்லெறிந்ததும், ஒரு கல் கிங் தலையில் பட்டதும் வரலாறு. அந்தக் கலவரத்துக்குள் பாரெட்ஸ்கி ஒரு கற்பனைக் கொலையை வைக்கிறார். ஹார்மனி நியூசம் என்ற கறுப்பின இளம்பெண் ஊர்வலத்தில் கொல்லப்படுகிறாள். லாமோண்டின் நண்பனைப் பிடித்துப்போய், அடித்துச் சித்திரவதை செய்து, ஒப்புதல் வாக்குமூலம் வாங்கி, சிறைக்கு அனுப்பிவிடுகிறது போலீஸ். கோப்பு மூடப்படுகிறது. நாற்பது வருடம் கழித்து வார்ஷாவ்ஸ்கி அதைத் திறக்கும்போது, அந்தக் காலத்தில் அதே போலீஸில் இருந்த தன் அப்பா எதைப் பார்த்தார், எதைச் சொல்லாமல் விட்டார் என்ற கேள்வி அவள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

அடித்து வாக்குமூலம் வாங்கும் இந்தப் பகுதிக்குப் பின்னால் நிஜம் இருக்கிறது. சிகாகோவில் ஜான் பர்ஜ் என்ற போலீஸ் அதிகாரியும் அவர் கீழ் இருந்தவர்களும் 1972-லிருந்து 1991 வரை கறுப்பின ஆண்களைப் பிடித்து வைத்துச் சித்திரவதை செய்தார்கள். சித்திரவதைக்காக அவரைத் தண்டிக்க முடியவில்லை, வழக்குத் தொடரும் காலக்கெடு கடந்துவிட்டது. பொய்ச்சாட்சி சொன்னதற்காகத்தான் 2010-இல் அவர் குற்றவாளி ஆனார். 2015-இல் சிகாகோ நகரமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 55 லட்சம் டாலர் இழப்பீடு ஒதுக்கி, இந்த வரலாற்றைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்கவும் தீர்மானம் போட்டது. பாரெட்ஸ்கியே 1966 கோடையில் சிகாகோவில் தொண்டு வேலை செய்ய வந்த மாணவி. தான் பத்தொன்பது வயதில் அருகிலிருந்து பார்த்த ஒரு கோடைக்காலத்துக்குள் அறுபது வயதுக்குப் பிறகு துப்பறியப் போயிருக்கிறார்.

வழக்கமான துப்பறியும் கதையில் குற்றவாளி யாரென்று யாருக்கும் தெரியாது. போராட்டத்தில் வேர்விட்ட இந்த வகைக் கதையிலோ பலருக்குத் தெரியும். ஸ்டேஷனில் இருந்தவனுக்குத் தெரியும், கூட்டத்தில் நின்றவனுக்குத் தெரியும், சில சமயம் ஊருக்கே தெரியும். துப்பறிகிறவள் அவிழ்க்க வேண்டிய முடிச்சு, ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதுதான். அதனால்தான் இந்தக் கதைக்கு ஒரு பெண் துப்பறிவாளர் பொருந்துகிறாள் என்று நினைக்கிறேன். வீட்டுக்குள் யார் எதை மறைக்கிறார்கள், எந்தப் பேச்சு எழுந்தால் எல்லாரும் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்கிறார்கள் என்பதைச் சின்ன வயதிலிருந்தே படித்துப் பழகியவர்கள் நாம்.

நாவலிடம் எனக்குக் குறையும் உண்டு. தேடச் சொன்ன கிழவிகள் போகப்போகப் பின்னுக்குப் போய்விடுகிறார்கள். கடைசி நூறு பக்கத்தில் நம் நெஞ்சு அடித்துக்கொள்வது வார்ஷாவ்ஸ்கியின் அப்பா நல்லவரா என்பதற்காக. லாமோண்டுக்காக அடித்துக்கொண்டது அடங்கிவிடுகிறது. ஒரு கறுப்பினத் தாயின் நாற்பது வருடக் கேள்வி, வெள்ளையினப் பெண் ஒருத்தி தன் குடும்பத்தோடு சமாதானம் ஆவதற்கான வழியாக மாறிவிடுகிறது. மூத்தவள் தொடக்கத்திலேயே காட்டிய அவநம்பிக்கை சரிதானோ என்று எனக்குத் தோன்றியது. இதைப் பலவீனம் என்று சொல்லும்போதே, இந்த அளவுக்காவது போகிற ஒரு நாவல் நம்மிடம் ஏன் இல்லை என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

*

எங்கள் பள்ளத்தாக்கில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது கைரேகை.

துப்பறியும் கதைகளில் ரேகை ஒரு மந்திரம். கண்ணாடி டம்ளரில் பதிந்த விரல் அடையாளம் கொலைகாரனைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த மந்திரம் எங்கே தயாரானது? 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கப்பட்டது. அதற்கான வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அஜீஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அதிகாரிகளின் உழைப்பு இருந்தது. பெயர் மட்டும் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போனது. லண்டன் ஸ்காட்லாந்து யார்டு 1901-இல்தான் அந்த முறையை எடுத்துக்கொண்டது. ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் கட்டைவிரல் ரேகை முக்கியத் தடயமாக வருவது 1903-இல். குடிமைப்பட்ட மக்களை எண்ணி அடைப்பதற்குப் பயன்பட்ட கருவிதான் பிறகு துப்பறியும் கதைகளின் விளையாட்டுப் பொருளானது.

உசிலம்பட்டியிலிருந்து கம்பம் வரை வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள். குற்றப் பரம்பரைச் சட்டம் என்று சொல்லமாட்டார்கள், ரேகைச் சட்டம் என்பார்கள். 1871-இல் வடக்கே தொடங்கி, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்த சட்டம். பிறந்த சாதிக்காகவே ஒரு மனிதனைக் குற்றவாளி என்று பதிந்துவைத்தது. பிறமலைக் கள்ளர் ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ படுத்து எழ வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துத் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டது. இறந்த 16 பேரில் மாயக்காள் ஒருத்தி. அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் என்றுதான் ஊர் அவளை நினைவு வைத்திருக்கிறது. சட்டம் 1947-இல்தான் இங்கே நீங்கியது.

என் அம்மாச்சி பிறந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். அவளுடைய அய்யா ரேகை வைத்தவர். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மத்தியானம், திண்ணையில் பூண்டு உரித்துக்கொண்டே அவளாகத்தான் ஆரம்பித்தாள்: “ராத்திரியானா ஊர்ல ஆம்பள வாடையே இருக்காது. எல்லாரும் டேசன்ல போயிப் படுத்துக்கிருவாக. எங்க ஆத்தா வெளக்க அமத்தாம உக்காந்தே இருப்பா.” நான் கையில் ஒரு மாத நாவல் வைத்திருந்தேன். கொலைகாரன் தெரியப்போகிற பக்கம். “ம்” என்றேன். “என்னத்தா, கேக்குறியா இல்லியா?” என்றாள். “கேக்குறேன் அம்மாச்சி, சொல்லு” என்றேன், கண் புத்தகத்தில். அவள் பூண்டை உரித்து முடித்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்கள் யாருக்குப் பயந்தார்கள்? திருடனுக்கா, போலீஸுக்கா, மிராசுக்கா? நானும் கேட்கவில்லை, பிறகு கேட்க அம்மாச்சியும் இல்லை. ரேகைப் பதிவேட்டில் அவளுடைய அய்யாவின் பத்து விரலாவது இருந்திருக்கும். ஆத்தாளுக்கு அதுவும் கிடையாது.

*

நிஜமான தனியார் துப்பறிவாளர்கள் தமிழ்நாட்டில் என்ன வேலை செய்கிறார்கள்? மதுரைக்குப் போகும் வழியில் சுவர் விளம்பரங்களைப் பார்த்தாலே தெரியும். கல்யாணத்துக்கு முந்தைய விசாரணை, கல்யாணத்துக்குப் பிந்தைய சந்தேகம். இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்த 2007-இல் மாநிலங்களவையில் வைக்கப்பட்ட மசோதா சட்டமாகவே இல்லை. யாரும் யாரையும் பின்தொடரலாம், பின்தொடரப்படுவது பெரும்பாலும் பெண். ஜெயமங்கலம் மாதிரி ஊரில் அதற்கு ஆள் வைக்கவும் வேண்டியதில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் பஸ் ஸ்டாப் டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும், அவள் எந்த பஸ்ஸில் போகிறாள், யாரோடு போனில் பேசுகிறாள், எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் எல்லாம் கிடைத்துவிடும். ஊரே துப்பறியும் நிறுவனம்தான்.

இந்த இடத்தில்தான் வார்ஷாவ்ஸ்கிக்குத் தன் அப்பாவிடம் வந்த கேள்வி எனக்கு என் தெருவிடம் வருகிறது. ரேகைச் சட்டத்தை இன்றும் கண் கலங்கப் பேசுகிற அதே வீடுகள், தங்கள் பெண் வேறு சாதிப் பையனோடு, அதிலும் தலித் பையனோடு, பேசியது தெரிந்தால் என்ன செய்கின்றன? சாதி மறுத்துக் கல்யாணம் செய்தவர்களைப் பாதுகாக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவு தொடங்க வேண்டும் என்று 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதே, அந்த உத்தரவுக்குக் காரணமான மரணம் உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண் ஒருத்தியுடையது. ராத்திரியில் எங்கே படுத்தாய், எங்கே போனாய், யார் சீட்டுக் கொடுத்தது என்று ஒரு காலத்தில் போலீஸ் கேட்ட கேள்விகளை இப்போது நாம் நம் பெண்களிடம் கேட்கிறோம். பெருங்காமநல்லூர்த் தியாகத்தை மேடையில் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை. மாயக்காளின் பெயரைச் சொல்லிவிட்டு, மாயக்காளின் பேத்திக்குச் செல்போன் கூடாது என்று பஞ்சாயத்துப் பேசும் வாய்களை நான் கேட்டிருக்கிறேன்.

அப்படியானால் நம் கதையில் துப்பறிகிறவள் வெளியில் இருக்கும் போலீஸை மட்டும் கேள்வி கேட்டால் போதாது. தன் சொந்தத் திண்ணையையும் கேட்க வேண்டும். இது கடினம். பாரெட்ஸ்கியே அப்பாவிடம் வந்தபோது கொஞ்சம் கையிளகிவிட்டார்.

*

நம்மிடம் அப்படிப்பட்ட துப்பறிவாளர்களே இல்லையா என்றால், இருந்திருக்கிறார்கள். நாவலில் இடம் கிடைக்காததால் அவர்கள் அறிக்கைகளில் இருக்கிறார்கள்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டுச் சங்கம் வைத்த தலித் விவசாயக் கூலிகளின் தெருவைத் தாக்கி, ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேரை உயிரோடு எரித்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் 1970-இல் தண்டித்த மிராசுதார்களை 1973-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அவர்கள் எல்லாரும் வசதி படைத்தவர்கள், கார் வைத்திருக்கிறவர்கூட அவர்களில் இருக்கிறார், அப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற பொருள்படத் தீர்ப்பு எழுதப்பட்டது. யார் செய்தது என்று ஊருக்கே தெரிந்த ஒரு குற்றம், சட்டத்தின் கண்ணில் குற்றவாளி இல்லாத குற்றமாக முடிந்தது.

இதை இலக்கியத்துக்குள் கொண்டுவந்த பெயர்பெற்ற நாவல் இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’. 1975-இல் வந்தது, 1977-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தில்லியிலிருந்து கிராமத்துக்கு வரும் படித்த இளைஞன் ஒருவனின் கண் வழியாக ஊரின் முடிச்சுகள் அவிழ்கின்றன. அந்த வகையில் அதையும் ஒரு துப்பறியும் பயணமாக வாசிக்கலாம். ஆனால் அந்தத் துப்பு கடைசியில் எங்கே கொண்டுவிடுகிறது? மிராசுதாரின் ஆண்மைக் குறையில். கொடுமையின் வேர் ஒரு தனி மனிதனின் உடம்புக்குள் போய்விடுகிறது. நெல் மரக்கால் கணக்கும் சங்கக் கொடியும் பின்னால் போய்விடுகின்றன. இந்தக் குறையை இடதுசாரி விமர்சகர்கள் அப்போதே சொன்னார்கள். ஒரு பெண்ணாக நான் சேர்த்துச் சொல்ல விரும்புவது இது: ஆணின் வன்முறைக்கு ஆண்மைக் குறைவைக் காரணமாகச் சொல்லும்போது, குறையில்லாத ஆண்மை என்ற ஒன்று ஊருக்கு நல்லது செய்யும் என்பது சொல்லாமலே ஏற்றுக்கொள்ளப்படுகிறது. எரிந்துபோன பெண்கள் வயலில் நின்றதும் கூலி கேட்டதும் இந்த விளக்கத்துக்குத் தேவைப்படுவதில்லை.

அதே வெண்மணிக்கு அந்தச் சமயத்திலேயே வேறொரு ஆள் போனார். நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபை வேலையை விட்டுவிட்டு 1968-இல் ஊர் திரும்பியிருந்த மைதிலி சிவராமன். சேரிக்குள் போய், உயிர்தப்பியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதினார். உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் 1973 மே மாதம் ஆங்கில வார இதழ் ஒன்றில், கொலைகாரர்களைக் கனவான்கள் என்று தலைப்பிலேயே அழைத்து, தீர்ப்பின் தர்க்கத்தைப் பிரித்து வைத்தார். கட்டுரைகள் 2013-இல் ஒரே நூலாகவும் வந்தன. படித்தால், துப்பறியும் கதையிலிருந்து நாம் எதிர்பார்க்கும் எல்லாம் அதில் இருப்பது தெரியும். சம்பவத்துக்கு முன்னால் யார் யாருக்கு மிரட்டல் வந்தது, கூலி எத்தனை மரக்கால் கேட்டார்கள், போலீஸ் எப்போது வந்தது, யார் சாட்சி எங்கே ஒதுக்கப்பட்டது. ஒன்று மட்டும் இல்லை: கடைசிப் பக்கத்தில் குற்றவாளி கைது செய்யப்படும் காட்சி.

அந்தக் காட்சி ஒரு முறை நடந்தது. 1992 ஜூன் 20-ஆம் தேதி தர்மபுரி மாவட்டம் வாச்சாத்திக்குள் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்து ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளானார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது அரசு. மலைவாழ் மக்கள் சங்கமும், மைதிலி சிவராமன் பொறுப்பில் இருந்த ஜனநாயக மாதர் சங்கமும் அந்தப் பெண்களைத் தேடிப் போயின. தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராக இருந்த பாமதி நேரில் விசாரித்து, பெண்கள் சொல்வது உண்மை என்று அறிக்கை கொடுத்தார். சி.பி.ஐ. வந்தது. 2011 செப்டம்பர் 29-இல் தர்மபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023-இல் அதே செப்டம்பர் 29-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருடம். அந்த வருடங்கள் முழுவதும் அடையாளம் காட்டியவர்களும் மாறாத சாட்சி சொன்னவர்களும் வாச்சாத்திப் பெண்களே. பாமதி அறிக்கையின் பெயர் நம் மாணவிகளுக்குத் தெரியாது. விவேக்கின் பெயர் தெரியும்.

‘ஜெய் பீம்’ படத்தைப் பார்த்து அழாதவர்கள் எங்கள் தெருவில் குறைவு. 1993-இல் விருத்தாசலம் பக்கம் நடந்த காவல் மரணம் அதன் அடிப்படை. நிஜத்தில் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்து புருசன் எங்கே என்று கேட்டவள், பணம் தருகிறோம் என்றபோது மறுத்தவள், அவர் மனைவி. படமும் அதைக் காட்டுகிறது. ஆனால் கைதட்டல் கோர்ட்டில் வக்கீல் எழும்போதுதான் விழுகிறது. தேடச் சொன்னவளும், தேடியவளும் அவளே. துப்பறிந்த பெருமை மட்டும் வேறு ஒருவருக்கு. சிகாகோவின் கிழவிகளுக்கு நடந்தது இவளுக்கும் நடக்கிறது.

*

மைதிலி சிவராமன் இன்னொரு துப்பும் துலக்கினார். அதற்காக அவர் எந்த ஊருக்கும் போகவில்லை. தன் பாட்டி சுப்புலட்சுமி விட்டுப்போன நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் எடுத்துவைத்துக்கொண்டு, 2006-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். சிறுவயதிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, சிறுமியாகவே தாயாகி, அரசாங்க உத்தியோகஸ்தரின் மனைவியாக வாழ்ந்த பாட்டி அவர். தானாகவே ஏராளமாகப் படித்தவர், தேசியப் போராட்டத்தின் பக்கம் ஈர்க்கப்பட்டவர், மகளைப் படிக்கவைக்கப் போராடியவர். பிறகு மெல்ல மெல்ல அடங்கி, வீட்டின் ஒரு மூலைக்குப் போய்விட்டவர். ஏன்? அதுதான் அந்த நூலின் மர்மம். பாட்டியை யாரும் கொலை செய்யவில்லை. குற்றப்பத்திரிகை போட ஒரு ஆளும் இல்லை. ஆனாலும் ஒரு வாழ்க்கை காணாமல் போயிருக்கிறது. வெண்மணியில் உட்கார்ந்து கேட்ட அதே கவனத்தோடு பேத்தி பாட்டியின் எழுத்துகளைக் கேட்கிறார். தெரியாத இடத்தில் ஊகித்து நிரப்பாமல் அப்படியே விட்டுவிடுகிறார். வார்ஷாவ்ஸ்கி தன் அப்பாவுக்காகச் செய்துகொண்ட சமாதானத்தை மைதிலி தன் குடும்பத்துக்காகச் செய்துகொள்ளவில்லை.

நான் படித்தவற்றில், பழைய அரசியல் போராட்டத்தில் வேர்விட்ட துப்பறியும் நூல் என்று தமிழ் வாழ்க்கையிலிருந்து ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். தேடச் சொன்னவள், தேடியவள், தேடப்பட்டவள் மூவரும் பெண்கள். இதற்கும் ஒரு வரம்பு உண்டு. சுப்புலட்சுமிக்கு எழுதத் தெரிந்திருந்தது, எழுதியதை வைத்துக்கொள்ள வீட்டில் இடம் இருந்தது. பிராமணக் குடும்பத்துப் பாட்டியின் மௌனத்துக்கு நாட்குறிப்பு சாட்சி. வெண்மணியில் எரிந்தவர்களுக்கும், வாச்சாத்திக்காரிகளுக்கும், விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்த என் கொள்ளுப்பாட்டிக்கும் அது கிடையாது. அவர்களிடம் இருந்தது பேச்சு மட்டும். கேட்க ஆள் இருக்கும்வரைதான் அதற்கு உயிர்.

மைதிலி சிவராமனின் கடைசி வருடங்களை மறதி நோய் எடுத்துக்கொண்டது. வரலாற்றாய்வாளர் உமா சக்ரவர்த்தி அவரைப் பற்றியும் அவர் பாட்டியைப் பற்றியும் ஆவணப்படங்கள் எடுத்தார். 2021 மே 30-இல் கொரோனாவில் மைதிலி இறந்தார். இத்தனை பேரின் நினைவைக் காப்பாற்றியவரின் நினைவை இன்னொரு பெண் கேமரா வைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

என்னிடம் படிக்கும் பெண்களுக்குத் துப்பறியும் நாவல் எழுதிப் பார்க்கச் சொல்லி ஒருமுறை பயிற்சி கொடுத்தேன். எல்லாருடைய கதையிலும் பிணம் சென்னையில் விழுந்தது. துப்பறிகிறவன் கார் வைத்திருந்தான். இரண்டாவது முறை, வீட்டில் இருக்கும் மூத்த பெண்ணிடம், ஊரில் எந்த வருடம் எதற்காக எல்லாரும் பயந்தீர்கள் என்று மட்டும் கேட்டு எழுதிவரச் சொன்னேன். பஞ்சத்தைப் பற்றி எழுதினார்கள், எமர்ஜென்சியைப் பற்றி எழுதினார்கள், 2007-இல் பெரியகுளம் முருகமலைக் காட்டில் மாவோயிஸ்டுகள் முகாம் என்று போலீஸ் ஆட்களைப் பிடித்தபோது விறகுக்குப் போவதை நிறுத்திவிட்டதைப் பற்றி எழுதினார்கள். ஒரு பெண் வெறும் காகிதத்தோடு வந்தாள்.

“எங்க அப்பத்தா எதுவும் சொல்ல மாட்டேன்னுருச்சு மிஸ். எதுக்குடி கேக்குற, யாரு கேக்கச் சொன்னாங்கன்னு திரும்பத் திரும்பக் கேட்டுச்சு” என்றாள்.

அதை அப்படியே எழுதிக் கொண்டுவரச் சொன்னேன்.